ஸ்ப்ளெண்டர் கிளட்ச் கேபிள்: எதை வாங்குவது, எந்த வழியாக இழுப்பது

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டிக்குக் கிளட்ச் கேபிள் கேட்டால், ஸ்பேர்ஸ் கடைக்காரர் மூன்று விதமாக எடுத்துப் போடுவார். ஒன்று, ஹீரோ கம்பெனி உறையில் வருவது. இன்னொன்று, பெங்களூரு சுப்ரஜித் போன்ற கேபிள் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலேயே விற்பது. மூன்றாவது, ஆணியில் கொத்தாகத் தொங்கும் பெயரில்லாத கேபிள். சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனாலும் சரி, தெருமுனைக் கடையில் கேட்டாலும் சரி, இந்த மூன்றில் ஒன்றுதான் கைக்கு வரும். விலை வித்தியாசம் ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோல் காசுக்குள் அடங்கிவிடும். முதல் முறையாகத் தானே மாற்றப் போகிறவர் கம்பெனி உறையில் வருவதையே வாங்குவது நல்லது. தரம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அளவு.

ஒரு கேபிளுக்கு இரண்டு நீளம் உண்டு. வெளியே கறுப்பாகத் தெரியும் அவுட்டருக்கு ஒரு நீளம், அதற்குள் ஓடும் இன்னர் கம்பிக்கு ஒரு நீளம். பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்து, மொத்த நீளம் ஒத்துப்போனால் போதும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். கிளட்ச் வேலை செய்வதைத் தீர்மானிப்பது இந்த இரண்டு நீளத்துக்கும் உள்ள வித்தியாசம். அவுட்டரை ஒரு முனைக்கு முழுக்கத் தள்ளிவிட்டு, மறுமுனையில் எவ்வளவு கம்பி வெளியே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். புதியதில் அது 10 மி.மீ குறைந்தாலே, அட்ஜஸ்டரை (கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்கத் தளர்த்திய பிறகும் கம்பி விறைத்து நிற்கக்கூடும். லிவரைத் தொடாமலே கிளட்ச் கொஞ்சம் அழுத்தியபடி இருக்கும், பிளேட் வழுக்கிக் கருகும். கூடிப்போனால், அட்ஜஸ்டர் கடைசி மரை வரை வந்த பிறகும் கிளட்ச் முழுதாக விலகாது, கியர் கரகரக்கும். கம்பியின் இரண்டு முனையிலும் உள்ள உலோகக் குமிழ்களான நிப்பிள்களின் பருமனையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடையில் மாடல் பெயரோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ்6 விதி வந்தபோது ஸ்ப்ளெண்டரில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதனால் பழைய வண்டி, புது வண்டி என்று சொல்வது மட்டும் போதாது. சூப்பர் ஸ்ப்ளெண்டர், பேஷன், எச்எஃப் டீலக்ஸ் என்று எதை நீட்டினாலும் "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று சொல்லப்படுவதை அளந்து பார்க்காமல் ஏற்க வேண்டாம். உறையில் பார்ட் நம்பர், எம்.ஆர்.பி, பேக் செய்த மாதம் மூன்றும் தெளிவாக அச்சாகி இருக்க வேண்டும். ஹேண்டில் பாரை உயரமானதாக மாற்றியிருந்தால் கம்பெனி அளவு போதாது. அந்த வண்டிக்குப் பழைய கேபிளைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதுதான் வழி.

கவுண்டரில் நின்றபடியே தரத்தையும் சோதிக்கலாம். கேபிளை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகப் பிடித்துக்கொண்டு, இன்னரை இரு முனையிலும் மாறி மாறி இழுங்கள். அவுட்டருக்குள் நைலான் லைனர் (கம்பி வழுக்கி ஓடும் உள்குழாய்) உள்ள நல்ல கேபிள் பட்டு நூல் மாதிரி ஓடும். லைனர் இல்லாததோ, மட்டமானதோ என்றால் விரலுக்கே நறநறவென்று தெரியும். அடுத்து நிப்பிள். வார்ப்பின் ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. கம்பி நிப்பிளுக்குள் நுழையும் இடத்தில் ஓர் இழைகூடப் பிரிந்து நிற்கக் கூடாது. அவுட்டரின் இரு முனைத் தொப்பிகளும் கையால் முறுக்கினால் சுற்றாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். பெயரில்லாத கேபிள் பெரும்பாலும் தோற்பது இந்தத் தொப்பியில்தான். சில வாரங்களில் அவுட்டர் தொப்பிக்குள் அமுங்கிக்கொண்டே போகும், தினமும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டி வரும். சுப்ரஜித் மாதிரியான கேபிள் தயாரிப்பாளர்கள் வண்டிக் கம்பெனிகளுக்கே கேபிள் கொடுப்பவர்கள். சரியான மாடலுக்குரியது கிடைத்தால் கம்பெனி உறைக்கு அது குறைந்ததல்ல. ஆணியில் தொங்குவதை மட்டும் அவசரத்துக்குக்கூட வாங்க வேண்டாம்.

இனி மாட்டும் வேலை. எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள், வலப்பக்கம் கை வைக்கும் இடத்துக்கு அருகில்தான் சைலன்சர் இருக்கிறது. பழையதைக் கழற்றுவதற்கு முன் லிவர் பக்கம், ஹெட்லைட்டுக்குப் பின்புறம், எஞ்சின் வலப்பக்கம் என்று நான்கைந்து படம் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் கழற்றுவது அல்ல, எது எதற்கு முன்னால் போனது என்பது மறந்துவிடுவதுதான். தேவையான கருவிகள் சொற்பம்: 10, 12 அளவு ஸ்பேனர்கள் (லாக் நட்டுக்கு இரண்டு ஸ்பேனர் ஒரே நேரத்தில் தேவைப்படலாம்), குறடு, ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கிரீஸ், ஒன்றரை மீட்டர் ட்வைன் நூல்.

எஞ்சின் பக்கத்தில் அட்ஜஸ்டரை நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை முழுக்கத் தளரவிடுங்கள். லிவர் பக்கம் திருகு அட்ஜஸ்டர் இருந்தால் அதையும் உள்ளே திருகிவிடுங்கள். எஞ்சின் வலது கவரில் நிற்கும் கிளட்ச் ஆர்மை (கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோல்) கையால் தள்ளினால் கம்பி தொய்யும், நிப்பிளை அங்கிருந்து எடுத்துவிடலாம். சில வண்டிகளில் நிப்பிள் நழுவாமலிருக்க ஆர்மின் நுனித் தகடு மடிக்கப்பட்டிருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சமாக மட்டும் நெம்புங்கள், நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் அந்தத் தகடு முறிந்துவிடும். மேலே வந்து, அட்ஜஸ்டர், அதன் லாக் வளையம், லிவர் ஹோல்டர் மூன்றின் வெட்டுகளும் ஒரே கோட்டில் வரும்படி திருப்புங்கள். கம்பி அந்த வெட்டு வழியாக வெளியே வரும், நிப்பிள் லிவரின் அடியிலிருந்து விழும்.

இப்போதே பழைய கேபிளை உருவிவிடக் கூடாது. அதன் கீழ் முனையில் நூலைக் கட்டிவிட்டு, மேலே லிவர் பக்கமாக மெதுவாக உருவுங்கள். கேபிள் வந்த வழியிலேயே நூல் நிற்கும். புதுக் கேபிளின் கீழ் முனையை நூலின் மேல் நுனியில் கட்டி, கீழிருந்து இழுத்தால் பழைய தடத்திலேயே அது வந்து இறங்கும். கிளிப்புகள், கம்பி வளையங்கள் எதையும் தவறவிட வாய்ப்பில்லை. முடிச்சின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினால் வளையத்தில் சிக்காது.

வழிதான் இந்த வேலையின் உயிர். ஸ்ப்ளெண்டர் மட்டுமல்ல, நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளில் கிளட்ச் எஞ்சினின் வலப்பக்கம், லிவரோ இடது கையில். அதனால் கேபிள் இடமிருந்து வலமாக ஹேண்டில் கழுத்தைத் தாண்டிப் போயாக வேண்டும். ஹேண்டில் திரும்பும்போது அசைகிற பகுதியும் அசையாத பகுதியும் சந்திக்கிற இடம் அது. கேபிள் அங்கே இழுபடவும் கூடாது, ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் இடையில் நசுங்கவும் கூடாது.

ஒவ்வொரு வளைவும் கைக்கு எவ்வளவு பாரத்தைக் கூட்டுகிறது என்று கணக்கிட்டே பார்க்கலாம். கயிற்றைத் தூணில் சுற்றினால் பிடி இறுகுவது போலத்தான் இதுவும். உராய்வெண் 0.1 என்று வைத்துக்கொண்டால், வளைவுகள் எல்லாம் சேர்ந்து 180 பாகை வரும்போது நீங்கள் இழுக்கும் விசையில் ஏறக்குறைய 73 சதவீதம் கிளட்ச் ஆர்மைச் சேரும். தேவையில்லாமல் இன்னொரு 90 பாகை சேர்த்துவிட்டால் அது 62 சதவீதம் ஆகிவிடும். லைனர் தேய்ந்து உராய்வு கூடிய கேபிளில் இழப்பு இதைவிட வேகமாக ஏறும். புதுக் கேபிள் போட்டும் லிவர் கனமாக இருக்கிறது என்ற குறைக்குப் பல நேரம் காரணம் கேபிள் அல்ல, ஹெட்லைட்டுக்குப் பின்னால் போட்டுவிட்ட ஒரு கூடுதல் வளையம்தான். அவுட்டர் சைலன்சர் வளைவையோ சிலிண்டர் ஹெட்டையோ தொடக் கூடாது. சூட்டில் மேலுறை இளகி, உள்ளே லைனர் சுருங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒயரிங்கோடு சேர்த்துக் கேபிள் டை போட்டு இறுக்குவதும் தவறு. அவுட்டர் கொஞ்சம் அசைய இடம் வேண்டும்.

மாட்டும்போது மேல் முனையை முதலில் போடுங்கள். கீழே ஆர்மைத் தள்ளித் தொய்வு எடுக்க முடியும், மேலே அந்த வசதி இல்லை. லிவரில் நிப்பிள் உட்காரும் ஓட்டையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். லிவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நிப்பிள் அந்த ஓட்டைக்குள் லேசாகச் சுழல வேண்டும். கிரீஸ் இல்லாமல் அது இறுகிவிட்டால், சுழல்வதற்குப் பதில் கம்பி மடங்கும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கிய கம்பி, இழை இழையாக அங்கேயே அறும். கேபிள் அறுந்த வண்டிகளில் பெரும்பாலும் அறுந்திருப்பது நிப்பிளை ஒட்டித்தான். புதுக் கேபிள் 3 மாதத்தில் அறுந்தால் கேபிளைத் திட்டுவதற்கு முன் லிவர் ஓட்டையைப் பாருங்கள், அது முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் லிவரையும் மாற்ற வேண்டும். லைனர் உள்ள கேபிளுக்குள் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ ஊற்ற வேண்டாம். தூசியைப் பிடித்துப் பசையாகி, நல்ல கேபிளைக் கெடுத்துவிடும்.

அட்ஜஸ்ட்மென்ட்டைக் கீழே தொடங்கி மேலே முடிக்க வேண்டும். கீழ் அட்ஜஸ்டரில் பெரிய அளவு, லிவர் பக்கத்தில் நுணுக்கம். லிவரின் நுனி உருண்டையில் ஸ்கேல் வைத்துப் பார்க்கும்போது, கனம் தட்டுவதற்கு முன் 10 முதல் 20 மி.மீ வரை சும்மா ஆட வேண்டும். "பிளே இல்லாமல் நறுக்குன்னு இருக்கணும்" என்று கேட்பவர்கள் உண்டு. அது கிளட்ச் பிளேட்டுக்கு வைக்கும் கொள்ளி. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகவே குறையும், குறைவதற்கு இடம் விட்டாக வேண்டும். முடித்ததும் லாக் நட்டை இறுக்கி, மேலே உள்ள வெட்டுகளை ஒன்றுக்கொன்று விலக்கித் திருப்பிவிடுங்கள். வெட்டு மேல்நோக்கியோ முன்நோக்கியோ இருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். லிவர் பக்கத்து ரப்பர் உறையை இழுத்து மூடாமல் விடுவதும் அதே தவறு.

சோதனை எஞ்சின் ஓடாத நிலையில் தொடங்கட்டும். ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, இரண்டு பக்கமும் லிவர் ஆட்டம் மாறாமல் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அட்ஜஸ்டரைத் தொடாமல் வழியைச் சரிசெய்யுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் முதல் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுலபமாகச் சுற்ற வேண்டும். லிவரை விட்டால் எஞ்சினோடு பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சரியென்றால் ஸ்டார்ட் செய்து, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நியூட்ரல் விழ மறுத்தாலோ, கிளட்ச் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்த்தாலோ ஆட்டம் அதிகம். மூன்றாம் நான்காம் கியரில் முறுக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் ஆட்டம் குறைவு, அங்கேயே நிறுத்தித் தளர்த்துங்கள்.

முதல் 100, 200 கிலோமீட்டரில் தொப்பிகளும் லைனரும் தங்கள் இடத்தில் அமர்வதால் ஆட்டம் சிறிது கூடும். ஒரு முறை மறு அட்ஜஸ்ட்மென்ட் போதும். அதற்குப் பிறகும் வாரா வாரம் கூடிக்கொண்டே போனால், மேல் நிப்பிளை ஒட்டிப் பிரிந்த இழை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் அந்தக் கேபிளோடு நெடுந்தூரம் கிளம்பக் கூடாது. கழற்றிய பழைய கேபிள் அறாமல் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதைச் சுருட்டி, நிப்பிள்களை டேப்பால் மூடி, சீட்டுக்கு அடியில் 10, 12 ஸ்பேனர்களோடு வைத்துவிடுங்கள்.