"கேஸ் மாத்திரை எல்லாம் ஒண்ணுதான் சார்": ₹1,485 கொடுத்து வாங்கிய தப்பு மருந்து

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுவரும் ஒரு ஆப். பெயர் சொல்லப்போவதில்லை. டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் மறுநாள் பெட்டி வரும், அந்த வகை. ஏழு மாதம் ஒழுங்காகத்தான் வந்தது. எட்டாவது மாதம் ₹1,485-க்குத் தப்பான மருந்து வந்தது. பணம் திரும்பவில்லை. மருந்துக்கடை கவுன்டரில் வேலை பார்த்தவன் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சீட்டில் இருந்தது: பான்டோப்ரசோல் 40 மி.கி., காலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன், 90 நாள். அப்பாவுக்கு. அதே சீட்டில் க்ளோபிடோக்ரெல் 75, ஆஸ்பிரின் 75. இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தவர்களுக்கு எழுதும் ஜோடி. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சேர்ந்து போகும்போது இரைப்பையில் புண் வந்து கசியக்கூடும், அமிலத்தைக் குறைத்து அதைத் தடுக்கத்தான் அந்த பான்டோப்ரசோல். ஏப்பத்துக்காக எழுதியது இல்லை.

வந்தது: எசோமெப்ரசோல் 40 மி.கி. + டாம்பெரிடோன் 30 மி.கி. எஸ்ஆர் (மெதுவாகக் கரையும்) கேப்சூல். ஒன்பது ஸ்ட்ரிப், எம்ஆர்பி ₹220, "25% தள்ளுபடி" போக ஸ்ட்ரிப் ₹165. ஒன்பதுக்கு ₹1,485.

நம்பிய இடம் எது என்றால், ஒரு போன் கால். ஆர்டர் போட்ட அன்று மாலை அப்பாவின் நம்பருக்கு ஒரு பெண் பேசியிருக்கிறார். "சார், ஃபார்மசியிலிருந்து பேசுறோம். டாக்டர் எழுதின கம்பெனி ஸ்டாக் இல்ல சார். அதே மாதிரி, இன்னும் கொஞ்சம் பவர்ஃபுல்லா ஒண்ணு இருக்கு. கேஸ் மாத்திரை எல்லாம் ஒண்ணுதான் சார், அனுப்பிடவா?" ஃபார்மசியிலிருந்து என்று சொல்லிவிட்டார், மரியாதையாகப் பேசினார், நம்பாமல் என்ன செய்வார்? "சரிம்மா, அனுப்பு" என்றிருக்கிறார். இந்த "சரிம்மா"வைத்தான் பிறகு மூன்று பேர் என் முகத்தில் எறிந்தார்கள்.

கம்பெனி மாறுவது வேறு, மருந்தே மாறுவது வேறு. பான்டோப்ரசோல் 40-ஐ எந்தக் கம்பெனி செய்தாலும் அது பான்டோப்ரசோல் 40. பெயரின் கடைசி நான்கு எழுத்து "ப்ரசோல்" என்று முடிவதால் மட்டும் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், ராபெப்ரசோல் எல்லாம் ஒன்றாகிவிடாது. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு அப்படி இல்லை. க்ளோபிடோக்ரெல் வயிற்றுக்குள் போகும்போது வேலை செய்யாத பொருளாகத்தான் போகிறது. கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி. 2சி19 என்ற நொதி அதை உருமாற்றினால்தான் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதே நொதியை மறித்துக்கொண்டு நிற்பவை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இலேயே இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கச் சொல்லி எச்சரித்தது. இதனால் மாரடைப்பு நிஜமாகவே கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத பான்டோப்ரசோல் கையில் இருக்கும்போது எதற்கு அந்தச் சோதனை? டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். போன் பண்ணின பெண் சீட்டில் அடுத்த வரியைக்கூடப் படிக்கவில்லை.

இரண்டாவது, அந்த டாம்பெரிடோன். யாருமே எழுதாத மருந்து, சும்மா கூட வந்தது. வாந்தி, குமட்டலுக்கானது. ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது, அது அதிகம் நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 60 வயது தாண்டியவர்களுக்கும் ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று பார்த்துத்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும் என்று சுருக்கியது. பெரியவர்களுக்கு 10 மி.கி., அதிகபட்சம் நாளுக்கு மூன்று வேளை, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். இங்கே 68 வயது ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு 90 நாளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இடையில் சளிக்கு யாராவது கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ எழுதினால் ரத்தத்தில் டாம்பெரிடோன் அளவு ஏறும். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் அப்படியே.

மூன்றாவது, ஸ்டிக்கர். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, அச்சடித்த தமிழில் "காலை 1 – சாப்பிட்ட பின்". இதைப் பார்த்தபோதுதான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ப்ரசோல்" வகை மருந்துகள் இரைப்பையில் நேரடியாக வேலை செய்வதில்லை. மேல்பூச்சு காத்துக்கொடுக்க, இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, அமிலம் சுரக்கும் செல்லுக்கு வந்து, அங்கேதான் உயிர்பெற்று அமில பம்ப்பைப் பூட்டும். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால்தான் பூட்டு விழும். சாப்பிடும்போதுதான் பம்ப் அதிகமாக ஓடும். மருந்து ரத்தத்தில் இருப்பதோ ஓரிரு மணி நேரம். அதனால் காலை டிபனுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து வந்து சேரும்போது சந்தை கலைந்துவிட்டிருக்கும். மேல்பூச்சு இருப்பதால் மாத்திரையை உடைக்கவோ கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். முழு பலன் வர மூன்று, நான்கு நாள் ஆகும், முதல் நாளே "கேட்கல" என்று இரண்டு போடுவது வீண்.

நான் பார்ப்பதற்குள் நான்கு கேப்சூல் உள்ளே போய்விட்டது. இதய டாக்டருக்குப் போன் போட்டதில், உடனே நிறுத்திவிட்டுப் பழைய பான்டோப்ரசோலுக்குப் போகச் சொன்னார், ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. க்ளோபிடோக்ரெலை மட்டும் யாரும் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் உள்ளவர் அதை நிறுத்துவது கேப்சூலைவிடப் பெரிய ஆபத்து.

இனி ₹1,485 கதை. முதலில் சாட் பாட்: "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." 48 மணி நேரத்தில் வந்தது டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற மெசேஜ், கூடவே ஐந்து ஸ்டார் கேட்டு ஒரு லிங்க். திரும்பப் போன் போட்டால், "சார், ஸ்ட்ரிப் வெட்டியாச்சு, அதனால ரிட்டர்ன் வராது சார்." சரி, வெட்டினது ஒன்று, அதில் ஆறு மிச்சம், அதை விடுங்கள், தொடாத எட்டு ஸ்ட்ரிப்புக்கு? "மெடிசினுக்கே ரிட்டர்ன் பாலிசி இல்ல சார்." தப்பு மருந்து அனுப்பியது நீங்கள்தானே? "உங்க அப்பாதானே ஓகே சொன்னார் சார்?" கால் ரெக்கார்டிங் கொடுங்கள் என்றேன். "அது இன்டர்னல் சார்." மாற்றிக் கொடுத்த ஃபார்மசிஸ்டின் பெயரும் பதிவு எண்ணும் கேட்டேன். லைனில் பாட்டு ஓடியது, ஆறு நிமிடம், பிறகு கட். கடைசியாக நல்லெண்ணமாக ₹100 கூப்பன், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாமாம். ₹1,485 போனவனிடம் இன்னும் வாங்கு என்கிறார்கள்.

"அப்பா ஓகே சொன்னார்" என்பது சட்டத்திலும் நிற்காது. பான்டோப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் ஷெட்யூல் எச் மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65(11ஏ) தெளிவாகச் சொல்கிறது: இந்த வகை மருந்துச் சீட்டுக்கு, எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பு எதையும் கடைக்காரர் கொடுக்கக்கூடாது, அதே மருந்து அடங்கியதாக இருந்தாலும்கூட. இங்கே வேறு மருந்தையே கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாக் இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும், அல்லது டாக்டரிடம் கேட்டு மாற்றி எழுதி வாங்க வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? லாபம்தான், வேறென்ன. எம்ஆர்பி ₹220 என்று அச்சடித்த "ஜெனரிக்" ஸ்ட்ரிப் கடைக்கு என்ன விலையில் வருகிறது என்று கவுன்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். 25% தள்ளுபடி கொடுத்த பிறகும் நிறைய மிஞ்சும். நாமும் தள்ளுபடி கிடைத்தது என்று சந்தோஷப்படுவோம். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ பான்டோப்ரசோல் 40 வாங்கியிருந்தால் அந்த ₹1,485-இல் ஒரு பகுதிதான் செலவாகியிருக்கும்.

பாதுகாப்பாக வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதுகிறேன் என்று மூன்று குரூப்பில் சொல்லிவைத்திருந்தேன். இன்று முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும்:

பெட்டி வந்ததும் டெலிவரி பையன் நிற்கும்போதே ஸ்ட்ரிப்பைத் திருப்பி, பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மி.கி.யையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். பெயருக்குப் பின்னால் "டி", "டிஎஸ்ஆர்", "எல்" என்று ஏதாவது ஒட்டியிருந்தால், பெரும்பாலும் உள்ளே இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெட்டிய ஸ்ட்ரிப்பில் பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் போயிருந்தால் வாங்காதீர்கள். பில்லில் அதே பேட்ச் நம்பர் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் ஸ்ட்ரிப்பை வெட்டாமல் போட்டோ எடுத்துவிடுங்கள், நான் செய்யாமல் விட்டது இதுதான்.

வீட்டில் பெரியவர்கள் நம்பருக்கு "மாத்தி அனுப்பவா" என்று கால் வந்தால் ஒரே பதில்: "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." அவ்வளவுதான்.

இந்த "ப்ரசோல்" மாத்திரைகளை வருடக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12, மெக்னீசியம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்தால் பி12 இன்னும் குறையும். நிறுத்த நினைத்தால் பட்டென்று நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு அமிலம் சில வாரம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும், அதைப் பார்த்து நோய் திரும்பியது என்று மறுபடி ஆரம்பிப்பவர்கள் நிறைய. மலம் தார் போல் கறுத்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டுக் காலம் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி பார்க்கும் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, தாடையிலோ இடது கையிலோ வலி என்றால் கேஸ் மாத்திரை தேடாதீர்கள், 108.

₹1,485-க்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகிவிட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு பில், ஸ்ட்ரிப், ஸ்டிக்கர் மூன்றின் போட்டோவோடு நாளை காலை எழுதுகிறேன். "சரிம்மா" சொன்னதற்காக அப்பா இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.