கொலம்பஸ் குவெஸ்ட் நினைவுச் சட்டை: துணி நன்று, அட்டை தவறு

கலைந்துபோன விளையாட்டு அணிகளின் பெயர்களைப் பழைய பாணி எழுத்தில் அச்சிட்டு விற்கும் இணையக் கடைகள் அமெரிக்காவில் பல உண்டு. அத்தகைய கடை ஒன்றில், சென்ற மாதம் 34 டாலர் கொடுத்து ஒரு டி-சட்டை வாங்கினேன். அதில் பொறித்திருந்த பெயர் கொலம்பஸ் குவெஸ்ட். ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில் 1996 அக்டோபர் முதல் 1998 டிசம்பர் வரை, இரண்டேகால் ஆண்டுகள் மட்டும் ஆடிய பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து அணி அது. கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவள் என்பதால் அந்தப் பெயரை நான் அறிவேன். அறிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். விற்பனைப் பட்டியலில் அதைக் கண்டதும் விலையைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. கடையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரு சிறு அட்டையில் நேர்ந்த பிழைக்காக நல்ல துணி விற்கும் ஒருவரின் வியாபாரத்தைக் கெடுப்பது என் நோக்கமன்று.

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த மெல்லிய துணி. உடம்பில் உறுத்தவில்லை, வெயிலிலும் கனக்கவில்லை. ஐந்து முறை துவைத்தாயிற்று, சாயம் போகவில்லை. எழுத்துகளை வேண்டுமென்றே தேய்ந்தவை போல அச்சிட்டிருக்கிறார்கள். புதுச் சட்டையைப் பழையதாகக் காட்டும் இந்த உத்தி எனக்கு எப்போதும் சற்றுச் சிரிப்பை வரவழைக்கும், ஆனாலும் இங்கே அளவோடு செய்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டிதான் மூன்றாம் துவையலுக்குப் பிறகு சற்று நெகிழ்ந்துவிட்டது. இந்த விலைக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது.

என் குறை சட்டையோடு இணைத்து அனுப்பிய அட்டையைப் பற்றியது. அணியின் வரலாற்றை வாங்குபவருக்குச் சொல்வதற்காக வைத்த அந்த அட்டையில் இரண்டே செய்திகள் இருந்தன. குவெஸ்ட், அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் தொடக்ககால அணிகளுள் ஒன்று என்பது முதலாவது. ரசிகர் ஆதரவு இல்லாமல் கலைந்தது என்பது இரண்டாவது. முதலாவது முற்றிலும் பிழை. இரண்டாவது அரை உண்மை, அதனாலேயே திருத்துவதற்குக் கடினமானது.

குவெஸ்ட் ஆடியது ஏ.பி.எல். என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில். ஸ்டீவ் ஹேம்ஸ், கேரி கவாலி, ஆன் கிரிப்ஸ் ஆகிய மூவர் நிறுவி, கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலிருந்து நடத்திய அந்த லீக், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி தங்கம் வென்ற சூடு ஆறுவதற்குள், அக்டோபர் 18 அன்று எட்டு அணிகளோடு தொடங்கியது. ஆண்களின் என்.பி.ஏ. தன் பணத்தையும் அரங்குகளையும் கொடுத்து உருவாக்கிய டபிள்யூ.என்.பி.ஏ. முதல் ஆட்டத்தை ஆடியது அதற்கு எட்டு மாதம் கழித்து, 1997 ஜூன் 21 அன்றுதான். இரண்டும் ஒரே சந்தையில் ஒரே வீராங்கனைகளுக்காகப் போட்டியிட்ட லீக்குகள். அட்டை எழுதியவர், குவெஸ்டை அதன் எதிரி வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்.

எதிரி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். பெண்களின் ஆட்டத்தை எப்படி விற்பது என்பதில் இரு தரப்பும் எதிரெதிர்த் திசையில் நின்றன. டபிள்யூ.என்.பி.ஏ. கோடையைத் தேர்ந்தெடுத்தது, ஆண்களின் ஆட்டம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் அரங்குகளும் தொலைக்காட்சி நேரமும் காலியாக இருந்தன. ஏ.பி.எல்., கூடைப்பந்து குளிர்கால ஆட்டம், பெண்களும் அதைக் குளிர்காலத்திலேயே ஆட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. முதல் ஆண்டில் சராசரியாக 70,000 டாலர் சம்பளம் கொடுத்தது. குறைந்தபட்சச் சம்பளமே 40,000 டாலர். ஆண்டு முழுவதற்கும் மருத்துவக் காப்பீடும், லீக்கின் பங்குகளை வாங்கும் உரிமையும் அதற்கு மேல். எதிர்த்தரப்பு தன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கொடுத்தது இதைவிட வெகு குறைவு. ஒலிம்பிக் தங்கம் வென்ற பன்னிருவரில் பாதிக்கு மேற்பட்டோர் முதலில் ஏ.பி.எல். பக்கம் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

அந்த லீக்கில் குவெஸ்ட் எத்தகைய அணி என்பதை அட்டையின் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நடந்து முடிந்த இரண்டு பருவங்களிலும் சாம்பியன் பட்டம் அதற்குத்தான். வேறெந்த அணியும் ஏ.பி.எல். பட்டத்தை வென்றதே இல்லை. முதல் பருவத்தில் 31 வெற்றி, 9 தோல்வி. இரண்டாம் பருவத்தில் 36 வெற்றி, 8 தோல்வி. பாதியில் நின்றுபோன மூன்றாம் பருவத்தில் ஆடிய 14 ஆட்டங்களில் 11 வெற்றி. பயிற்சியாளர் பிரையன் ஆக்லர் ஒரே நட்சத்திரத்தை நம்பி அணியைக் கட்டவில்லை. 1986-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் கல்லூரிப் பட்டம் வென்ற டெக்சஸ் அணியின் ஆண்ட்ரியா லாயிட், டென்னசி பல்கலைக்கழகத்துக்காக இரண்டு முறை அதே பட்டத்தை வென்ற டோன்யா எட்வர்ட்ஸ், ஒலிம்பிக் வீராங்கனை நிக்கி மெக்ரே, அதே ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய கேட்டி ஸ்மித் எனப் பலரும் சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள். முதல் பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான மெக்ரே, அந்தப் பருவம் முடிந்ததுமே டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். லீக்கின் முதன்மை வீராங்கனையை எதிரியிடம் பறிகொடுத்த அணி, அடுத்த பருவத்தில் முன்னிலும் அதிகமாக வென்றது.

ஆனாலும் இந்தச் சட்டையில் ஒருவர் பெயரை மட்டும் அச்சிடச் சொன்னால் நான் வேலரி ஸ்டில்லின் பெயரையே சொல்வேன். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஆண், பெண் இரு பாலாரின் புள்ளிக் கணக்கிலும் முதலிடம் பிடித்தவர் அவர்; 2,763 புள்ளிகள். படிப்பு முடிந்தபோது சொந்த நாட்டில் அவர் ஆடுவதற்கு நிலையான லீக் எதுவும் இருக்கவில்லை. அதனால் இத்தாலிக்குப் போய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே ஆடினார். ஏ.பி.எல். தொடங்கியபோது அவருக்கு வயது 35, மடியில் கைக்குழந்தை. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் தாய்நாட்டில் முதன்முதலாகத் தொழில்முறை ஆட்டக்காரரான அவர், 1997, 1998 ஆகிய இரண்டு இறுதிச் சுற்றுகளிலும் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். அவற்றுள் முதலாவது, டான் ஸ்டேலி ஆடிய ரிச்மண்ட் ரேஜ் அணிக்கு எதிரானது; ஐந்தாம் ஆட்டம் வரை இழுத்துச் சென்றே குவெஸ்ட் வென்றது. இரண்டாவதுதான் இன்றும் பேசத்தக்கது. புதிதாகத் தொடங்கிய லாங் பீச் ஸ்டிங்ரேஸ் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று, இன்னும் ஒரே வெற்றி போதும் என்ற நிலையில் இருந்தது. யொலாண்டா கிரிஃபித் என்ற மலைபோன்ற வீராங்கனை கூடைக்கு அடியில் நின்றார். அங்கிருந்து மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து வென்று குவெஸ்ட் பட்டத்தைத் தக்கவைத்தது. தோற்ற ஸ்டிங்ரேஸ் அணியை லீக் அந்தக் கோடையிலேயே மூடிவிட்டது. இறுதிச் சுற்று வரை வந்த அணியையே சில மாதங்களில் மூட வேண்டியிருந்தது என்றால், லீக்கின் கஜானா எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, ரசிகர் ஆதரவு என்ற அரை உண்மைக்கு வருகிறேன். கொலம்பஸில் குவெஸ்டுக்குக் கூட்டம் குறைவு என்பது மெய்தான். மாநாட்டு மையத்துக்குள் இருந்த பாட்டெல் ஹாலில் அவர்கள் ஆடினார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட அந்த அரங்கு பாதி நிரம்புவதே அரிதாக இருந்தது. வேலை நிமித்தமாக ஒரு முறை கொலம்பஸ் சென்றபோது ஒரு கருத்தரங்கிற்காக அதே கூடத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். இப்போது அது கம்பளம் விரித்த பெரிய விருந்து மண்டபம். இரண்டு இறுதிச் சுற்றுகள் நடந்த இடம் அது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தேநீர் இடைவேளையில் நான் நின்ற இடத்தில்தான் கூடை இருந்திருக்குமோ என்ற எண்ணம் அதன் பிறகு பல நாள் விடவில்லை.

ஆனால் கூட்டம் குறைந்தது ஆட்டத்தின் தரத்தால் அன்று. அதே லீக்கில் நியூ இங்கிலாந்து பிளிசர்ட் அணி முதல் பருவத்தில் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். இருந்தும் அதிகமான கூட்டம் அதற்குத்தான் வந்தது. அந்த அணியில் ஆடிய, அதே வட்டாரத்துக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீராங்கனை ஜெனிஃபர் ரிசாட்டியை அங்குள்ளவர்கள் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியிருந்தார்கள், அவருக்காக வந்தார்கள். பார்த்துப் பழகுவதற்கு வழி இருந்தால்தான் மக்கள் வருவார்கள். அந்த வழி ஏ.பி.எல்.லுக்கு அடைபட்டிருந்தது. எதிர்த்தரப்பின் ஆட்டங்களை என்.பி.சி., ஈ.எஸ்.பி.என்., லைஃப்டைம் ஆகிய மூன்று தேசியத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்ப, ஏ.பி.எல். வட்டார விளையாட்டுத் தொலைக்காட்சிகளையும் பி.ஈ.டி. என்ற கேபிள் தொலைக்காட்சியையும் நம்பியிருந்தது. தொலைக்காட்சி இல்லாத இடத்துக்கு விளம்பரதாரர் வருவதில்லை. விளம்பரதாரர் இல்லாமல் 70,000 டாலர் சம்பளத்தை எத்தனை நாள் கொடுக்க முடியும்? குளிர்காலத்தில் ஆடியதால் ஆண்களின் என்.பி.ஏ., கல்லூரி ஆட்டம், அமெரிக்கக் கால்பந்து ஆகிய மூன்றோடும் அவர்கள் மோத வேண்டியிருந்தது. கொள்கையளவில் ஏ.பி.எல்.லின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். வியாபாரமாகப் பார்த்தால் அது தவறான கணக்கு.

அணிகள் பெரும்பாலும் லீக்கிற்கே சொந்தமாக இருந்தன என்பதும் அட்டை சொல்லாத செய்தி. 1998 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, ஏ.பி.எல். ஆட்டங்களை நிறுத்திவிட்டுத் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியபோது எல்லா அணிகளும் ஒரே நாளில் இல்லாமற்போயின. முதலிடத்தில் இருந்த அணிக்கும் கடைசியில் இருந்த அணிக்கும் அன்று வேறுபாடு இல்லை. ஆகவே குவெஸ்ட் கலைந்தது என்று எழுதுவதைவிட, குவெஸ்டின் காலடியிலிருந்த நிலம் போயிற்று என்று எழுதுவதே பொருத்தம்.

அணிதான் மறைந்தது, ஆட்கள் மறையவில்லை. அடுத்த கோடையில் டபிள்யூ.என்.பி.ஏ.வில் புதிதாகச் சேர்ந்த மினசோட்டா லின்க்ஸ் அணிக்கு ஆக்லரே முதல் பயிற்சியாளர். ஸ்மித், எட்வர்ட்ஸ், லாயிட் ஆகியோரும் அங்கே சேர்ந்தார்கள். பின்னர் ஆக்லர் 2010-இல் சியாட்டிலுக்கும் 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் பட்டம் வாங்கித் தந்தார். கேட்டி ஸ்மித் டெட்ராய்ட் அணியோடு இரண்டு பட்டங்களை வென்று, 2018-இல் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார். டபிள்யூ.என்.பி.ஏ.வின் கணக்கில் அவருடைய புள்ளிகள் 6,452. கொலம்பஸில் குவெஸ்டுக்காக அவர் எடுத்த புள்ளிகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. எதிரியின் கணக்கேட்டில் குவெஸ்டுக்கு ஒரு வரிகூட இல்லாதபோது, அட்டை எழுதியவர் அதைக் கொண்டுபோய் அங்கேயே சேர்த்ததுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

பிழையைச் சுட்டிக்காட்டிக் கடைக்கு எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது, மரியாதையான பதில்தான். அடுத்த அச்சில் திருத்துவதாகவும், வேண்டுமானால் சட்டையைத் திருப்பி அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்டையை வைத்துக்கொண்டேன். இவர்கள் இன்னொரு முறை அச்சிடும்போது முதுகுப் பக்கத்தில் 31–9, 36–8, 11–3 என்ற மூன்று வரிகளைச் சேர்த்தால், 34 டாலரை மறுபடியும் கொடுப்பேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: தோள்பட்டை சற்றுக் குறுகலாக வெட்டியிருக்கிறார்கள். வழக்கமாக அணியும் அளவுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள், வெந்நீரில் துவைக்காதீர்கள்.