வார்டில் கணினிப் பதிவேடு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கேஸ் ஷீட்டிலிருந்து கணினிக்கு எங்கள் வார்டு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய முறைக்குத் திரும்பச் சொன்னால் மறுப்பேன். புரியாத கையெழுத்தை வைத்துக்கொண்டு மருந்தின் பெயரை ஊகிக்கும் நிலை ஒழிந்ததே பெரிய நிம்மதி.

நோயாளியின் கைப்பட்டையையும் மருந்து லேபிளையும் ஸ்கேன் செய்தால், ஆள், மருந்து, அளவு, நேரம் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று கணினி பார்த்துச் சொல்லும். பட்டை நனைந்து கிழிந்தால் ஸ்கேனர் படிக்காது. அதற்காக நகல் ஒன்றை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது ஆபத்தானது. கட்டிலில் படுத்திருப்பவர் யார் என்று பார்க்காமலேயே பதிவு சரியாக விழுந்துவிடும். என் ஷிப்டில் இதற்கு இடமில்லை.

அதிகம் கவலை தருவது மூச்சு எண்ணிக்கைதான். இங்கிலாந்தில் 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ் 2 என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் எச்சரிக்கை மதிப்பெண்ணில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் 0. 21 முதல் 24 வரை 2. 25 அல்லது அதற்கு மேல் போனால் 3. மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான மதிப்பெண்களின் மொத்தம் 7ஐத் தொட்டால் அவசர நிலை. கூட்டலைக் கணினி பிழையில்லாமல் செய்யும். ஆனால் எண்ணாமலே எல்லோருக்கும் 18 என்று அடித்தால், மூச்சுத் திணறுகிறவருக்கும் 0 தான் விழும். ஒற்றை விரலால் தட்டும் மூத்த சிஸ்டர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணிவிட்டுத்தான் பதிவார். அவருடைய பதிவை நம்பி டாக்டரை எழுப்பலாம்.

2021இல் வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்குக் கிடைத்ததோ எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்ற வகுப்பு மட்டும். சர்வர் நின்றால் என்ன செய்வது என்று அதில் யாரும் சொல்லவில்லை. காலை 8 மணிக்குக் கொடுத்த ஊசியை, சர்வர் மீண்டபின் 11 மணிக்குப் பதியும்போது, கொடுத்த நேரம் 8 என்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த வேளை மருந்தும் தள்ளிப்போகும். அடுத்தவர் கடவுச்சொல்லில் பதியக் கூடாது என்பதையும் நாங்களாகவே பேசி வழக்கமாக்கினோம்.

இந்தக் கணினி முறையைப் புதிதாக வாங்கும் மருத்துவமனைகளுக்கு ஒன்று சொல்வேன்: பயிற்சியை ஒரு நர்ஸிடம் ஒப்படையுங்கள். முதல் சில வாரங்கள் இரவுப் பணியிலும் அவர் வார்டிலேயே இருக்கட்டும். சர்வர் நின்றால் எழுதிக்கொள்ள, அச்சிட்ட மருந்துச் சார்ட் ஒரு கட்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.