ரைசன் 7 7800எக்ஸ்3டி: கேமிங்குக்குன்னா தைரியமா எடுங்க, ஆனா முதல்ல உங்க மானிட்டரப் பாருங்க

கேமிங் பிசி பில்ட் பண்ணப் போறேன், எந்த பிராசஸர் எடுக்கட்டும்னு யார் கேட்டாலும் உடனே ஏஎம்டியோட இந்த 7800எக்ஸ்3டி சிப் பேரு வந்துடுது. நல்லா பொழங்கிப் பாத்துட்டேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். அருமையான பிராசஸர்தான், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆனா நீங்க எந்த ரெசல்யூஷன்ல, எந்த மாதிரி கேம் ஆடுறீங்கன்னு கேக்காம கண்ண மூடிட்டு இத எடுக்கச் சொல்றதுதான் எனக்குப் பிடிக்கல.

பேப்பர்ல பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. 8 கோர், 16 த்ரெட், பூஸ்ட் 5 கிகாஹெர்ட்ஸ். இதே ஜென் 4 குடும்பத்துல இருக்கற 7700எக்ஸ் 5.4 வரைக்கும் போகும். அப்புறம் எப்படி கேம்ல இது அத விட முன்னாடி நிக்குதுன்னா எல்லாம் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி. 7700எக்ஸ்ல 32 எம்பி இருக்கு, இதுல கோர் இருக்கற சிப்லெட் (சின்ன சிலிக்கான் துண்டு) மேலயே இன்னொரு 64 எம்பிய அடுக்கி வச்சு மொத்தம் 96 எம்பி ஆக்கிருக்காங்க. கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எந்த கேரக்டர் எங்க நிக்குது, எது எது மேல மோதுது, எத வரையணும்னு சிதறிக் கெடக்கற டேட்டாவ பிராசஸர் தேடித் தேடி எடுக்கணும், அது கேஷ்ல இல்லன்னா ரேம் வரைக்கும் போகணும், அதுக்கு பல மடங்கு நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் கோர் சும்மா காத்துட்டு நிக்கும். கிளாக் ஸ்பீட ஏத்தினா இந்தக் காத்திருப்பு கொறையாது, பக்கத்துலயே பெரிய கேஷ் இருந்தா கொறையும்.

இதோட பலன் ஆவரேஜ் எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) தெரியறத விட 1% லோல, அதாவது ரொம்ப மெதுவா வர்ற 1% ஃப்ரேம்ல, தான் நல்லாத் தெரியுது. அதாவது கூட்டமா சண்டை நடக்கற இடம், பெரிய ஊருக்குள்ள வண்டி ஓட்டிட்டு நுழையற நேரம், இந்த மாதிரி எடத்துல சட்டுனு விழற ஃப்ரேம் இருக்கு பாருங்க, அது இதுல ரொம்ப கம்மியா விழுது. ஆவரேஜ் 140 காட்டிட்டு அப்பப்ப 60க்கு விழற மெஷின விட, 120ல ஒரே சீரா நிக்கற மெஷின்தான் கையில ஸ்மூத்தா இருக்கும். ரிவ்யூ பாக்கும்போது சார்ட்ல ஆவரேஜ் காட்டற பெரிய பார் மட்டும் பாக்காம 1% லோவையும் தயவுசெஞ்சு பாருங்க.

எல்லா கேம்லயும் ஒரே அளவு வித்தியாசம் வராது. ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே, இந்த மாதிரி சிமுலேஷன் கேமெல்லாம் கேஷ்னா உயிர விடும். ஆன்லைன்ல நிறைய பேர் ஒண்ணா சேர்ந்து ஆடற எம்எம்ஓ கேமும் அப்படித்தான். 1080பில ஹை ரெஃப்ரெஷ் மானிட்டர் வச்சுட்டு ஷூட்டர் ஆடறவங்களுக்கும் நல்லாவே பலன் தரும். ஆனா 4கேல எல்லா செட்டிங்கும் அல்ட்ரா வச்சு, கதை கேம் மட்டும் நிதானமா ஆடற ஆளுன்னா கிராஃபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கிட்டு இருக்கும், அங்க ரைசன் 5 7600 பிராசஸருக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமப் போகலாம். அந்த ஆளு பிராசஸர்ல மிச்சம் பிடிச்சு அடுத்த லெவல் கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கறதுதான் சரி.

இப்ப இருக்கற மெஷின்ல பிரச்சனை எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு ஈசியான வழி இருக்கு. நீங்க வழக்கமா ஆடற கேம்ல ஓவர்லே (கேம் மேலயே நம்பர் காட்டற வசதி) ஆன் பண்ணி ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு, யூசேஜ் பாருங்க, 97, 98%ன்னு ஒட்டிட்டே நின்னா கார்டுதான் லிமிட். எஃப்பிஎஸ்ஸ கட்டுப்படுத்தற கேப்போ விசிங்க்கோ போடாமலே அந்த யூசேஜ் 60, 70%ல தொங்குதுன்னா பிராசஸர் பக்கம்தான் இழுக்குது. அப்பவும் சந்தேகம்னா ரெசல்யூஷன ஒரு படி கொறச்சுப் பாருங்க, எஃப்பிஎஸ் ஏறவே இல்லன்னா கன்ஃபர்ம். டோட்டல் சிபியு யூசேஜ் 40% தான காட்டுதுன்னு ஏமாறாதீங்க, ஒரு கோர் முழுசா மாட்டிட்டு இருந்தாலும் டோட்டல்ல கம்மியாத்தான் காட்டும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, இது கூட இருக்கற மத்த பார்ட்டுகளோட செலவையும் கொறைக்குது. டிடிபி (கம்பெனி போடற பவர், சூடு அளவு) 120 வாட்னு போட்ருந்தாலும் கேம்ல பெரும்பாலும் அதுல பாதி, கொஞ்சம் அதுக்கு மேல, அவ்வளவுதான் எடுக்குது. அதனால பெரிய விஆர்எம் (பிராசஸருக்கு கரண்ட் குடுக்கற பகுதி) வச்ச மதர்போர்டு தேவையில்ல, நல்ல பி650 போர்டே தாராளம். 360 லிக்விட் கூலரும் வேண்டாம், ஒழுங்கான டவர் ஏர் கூலர் போதும் (பாக்ஸ்ல கூலர் வராது, தனியாத்தான் வாங்கணும்). முழு லோட்ல 80க்கு மேல டெம்பரேச்சர் போறதப் பாத்து பயந்துடாதீங்க, மேல அடுக்கிருக்கற கேஷத் தாண்டி சூடு வெளிய வரணும், அதான் காரணம், 89 டிகிரி வரைக்கும் லிமிட் வச்சிருக்காங்க. பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ் மெனு) கர்வ் ஆப்டிமைசர்னு வோல்டேஜ் மாத்தற செட்டிங்ல கொஞ்சம் நெகடிவ் வச்சா இன்னும் நல்லா எறங்கும், ஆனா ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, அடுத்தவர் வச்ச நம்பர அப்படியே வைக்காம கொஞ்சம் கொஞ்சமா எறக்கி டெஸ்ட் பண்ணுங்க.

ரேமுக்கு டிடிஆர்5 6000, சிஎல்30 (ரேம் பதில் தர்ற தாமதம், கம்மியா இருந்தா நல்லது), 16 ஜிபி ரெண்டு ஸ்டிக் ஒரே கிட்டா எடுங்க. நாலு ஸ்டிக் போட்டா ஸ்பீட எறக்க வேண்டி வரும், அதனால பின்னாடி இன்னும் ரெண்டு சேர்த்துக்கலாம்னு பிளான் போடாதீங்க. போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா பிராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல மாட்டணும். பயாஸ்ல எக்ஸ்போ (ரேமோட முழு ஸ்பீட போடற செட்டிங்) ஆன் பண்ணாதான் 6000ல ஓடும், நிறைய பேர் இத விட்டுட்டு 4800லயே ஓட்டிட்டு இருக்காங்க, காசு கொடுத்து வாங்கின ஸ்பீடு சும்மா கெடக்குது.

முதல் தடவை ஆன் பண்ணும்போது ஃபேன் சுத்தும், ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது, சில நிமிஷம் அப்படியே நிக்கும். அது மெமரி டிரெய்னிங், போர்டு ரேம்ம பழகிக்குது. பதறிப்போய் பவர ஆஃப் பண்ணிடாம பொறுமையா விடுங்க. பிராசஸர் மாட்டும்போது, இதுக்கான ஏஎம்5 சாக்கெட்ல பின் எல்லாம் சாக்கெட்ல தான் இருக்கு, அதுமேல கை படவே கூடாது, லீவர் போடும்போது தெறிச்சு வர்ற பிளாஸ்டிக் மூடியப் பத்திரமா எடுத்து வைங்க, போர்ட வாரண்டிக்கு அனுப்பினா அது கேப்பாங்க.

2023 ஏப்ரல்ல இது வந்த புதுசுல சில சிப்பும் போர்டும் எரிஞ்ச செய்தி பாத்துருப்பீங்க. எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் இருக்கற பகுதிக்குப் போற வோல்டேஜ்) ரொம்ப மேல போனதுதான் அதுல முக்கியமான விஷயம், அப்புறம் பயாஸ் அப்டேட்ல அத 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம கட்டுப்படுத்திட்டாங்க. அதனால பழைய ஸ்டாக் போர்டு வாங்கினீங்கன்னா விண்டோஸ் போடறதுக்கு முன்னாடியே பயாஸ் அப்டேட் பண்ணிடுங்க, இத மட்டும் தள்ளிப் போடாதீங்க.

கொறைன்னு பாத்தா, வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் மாதிரி வேலை அதிகமா இருக்கறவங்களுக்கு இது சரிப்படாது, அங்க கோர் எண்ணிக்கைதான் பேசும், 12, 16 கோர் பிராசஸர் பக்கம் போங்க. சும்மா டெஸ்க்டாப்ல நிக்கும்போதும் சிப்லெட் டிசைன்னால கொஞ்சம் கூடுதலா கரண்ட் எடுக்கும். மல்டிப்ளையர் (கிளாக் ஸ்பீட ஏத்தற செட்டிங்) லாக், பழைய மாதிரி கையால ஓவர்கிளாக் பண்ண முடியாது.

2024 நவம்பர்ல வந்த 9800எக்ஸ்3டி இத விட வேகம்தான், கேஷ கோருக்குக் கீழ மாத்தினதால சூடு நல்லா வெளிய வருது, கிளாக்கும் ஏறுது, ஓவர்கிளாக்கும் பண்ணலாம். புதுசா பில்ட் பண்றவங்க ரெண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா யோசிக்காம அத எடுங்க. வித்தியாசம் பெருசுன்னா 7800எக்ஸ்3டி எடுத்துட்டு மிச்சத்த கிராஃபிக்ஸ் கார்டுல போடுங்க, சாக்கெட் ஒண்ணுதான், பின்னாடி மாத்தணும்னு தோணினா பயாஸ அப்டேட் பண்ணிட்டு சிப்ப மட்டும் மாத்திக்கலாம். ஏற்கனவே முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் வச்சிருக்கீங்கன்னா அதையெல்லாம் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி 5800எக்ஸ்3டியோ 5700எக்ஸ்3டியோ நியாயமான விலைல கெடைக்குதான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க, அதே கேஷ் டெக்னாலஜிதான், அதுலயும் 96 எம்பி இருக்கு.