கேம்பர் இழுக்க எந்த பிரேக் கன்ட்ரோலர்: டாஷ்போர்டு லீவரா, போன் செயலியா?

ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டுவிட்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தாக வேண்டும். வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லர்தான் கேம்பர்; இரண்டு அச்சு உள்ளவை அநேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும். சக்கரத்துக்கு ஒரு மின்காந்தம் வைத்த டிரம் பிரேக்கைத் தயாரிப்பாளரே போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கு எப்போது, எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலர் மட்டும் இழுக்கிற வண்டியின் பொறுப்பு. எஸ்யூவி வைத்திருக்கும் டொராண்டோ குடும்பம் அல்கோன்குவின் பூங்காவுக்குக் கேம்பர் இழுத்துப் போக நினைத்ததும் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும்.

நான்கு வழிகள் இருக்கின்றன. இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிடலாம்.

பிக்கப் டிரக்கோடு கம்பெனியே பொருத்தித் தரும் கன்ட்ரோலர் முதல் வழி. மிதியை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை பிரேக் ஆயிலின் அழுத்தத்திலிருந்தே அது தெரிந்துகொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோடும் பேசும். உங்கள் வண்டியில் அது இருந்தால் வேறு எதையும் வாங்காதீர்கள். எஸ்யூவிகளில் இது அபூர்வம் என்பதால்தான் மீதிப் பேச்சு. இரண்டாவது, விலை மலிவான டைம்-டிலே வகை. மிதியைத் தொட்டதும், நீங்கள் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும், முன்பே திருப்பி வைத்த அளவுக்கு ஒரே சீராக மின்சாரத்தை ஏற்றும். நெரிசலில் லேசாகத் தொட்டால் கேம்பர் வெடுக்கென்று பின்னால் இழுக்கும். அவசரத்தில் ஓங்கி மிதித்தால் அது ஏறி முடிப்பதற்குள் கேம்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும். வருடத்துக்கு ஒரு தடவை படகை ஏரிக்கரை வரை கொண்டுபோக இது போதும். நெடுஞ்சாலைக்கு வேண்டாம்.

மீதி இரண்டுக்கும் இடையில்தான் போட்டி. டாஷ்போர்டின் கீழே திருகி வைக்கும் டெகான்ஷா பி3 ஒன்று. வண்டியின் பின்புற 7-பின் சாக்கெட்டுக்கும் டிரெய்லர் பிளக்குக்கும் நடுவில் செருகிவிட்டு போனிலிருந்து இயக்கும் கர்ட் எக்கோ இன்னொன்று. இரண்டும் வேகம் குறையும் வீதத்தை உள்ளே இருக்கும் உணரியால் அளந்து அதற்கேற்ப பிரேக் கொடுப்பவை. தினசரி ஓட்டத்தில் நிற்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் பி3 பக்கம். என் வண்டியில் இருப்பதும் அதுதான்.

எக்கோவின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லீஸ் வண்டியில் துளை போட முடியாது. இரண்டு வண்டிகள் மாறி மாறி இழுக்கும் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் வயரிங் செய்ய மனம் வராது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நிமிடத்தில் செருகிக் கழற்றும் பெட்டி பெரிய வசதி. ஒருமுறை அமைத்துவிட்டால் போன் அணைந்திருந்தாலும் பிரேக் வேலை செய்யும். நான்கு பிரேக், அதாவது இரண்டு அச்சு வரை தாங்கும். ஒரே நிபந்தனை: 7-பின் சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் வர வேண்டும். பின்னால் 4-பின் சாக்கெட் மட்டும் இருந்தால் எப்படியும் வயர் இழுத்தே ஆக வேண்டும். அந்த இடத்திலேயே எக்கோவின் பாதி லாபம் போய்விடுகிறது.

எனக்கு விஷயத்தை முடித்து வைப்பது லீவர்தான். டிரெய்லர் பிரேக்கை மட்டும், கால் மிதியைத் தொடாமல், கையால் அழுத்தும் அந்தச் சின்ன நெம்பு. பி3-யில் அது டாஷ்போர்டில், கண்ணை எடுக்காமலே விரல் போய் நிற்கும் இடத்தில் இருக்கும். எக்கோவில் அது போன் திரையில் ஒரு பொத்தான்.

400-ஆம் நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று தாண்டும்போது அதன் காற்று கேம்பரின் பின்பக்கத்தைத் தள்ளும். முன்பாரம், அதாவது கேம்பர் இணைப்புக் குண்டின் மேல் இறக்கும் எடை, சரியாக இருந்தால் ஓர் அசைவோடு அடங்கிவிடும். இல்லையென்றால் இடமும் வலமுமாக ஊசலாட ஆரம்பிக்கும், ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். கால் தானாக பிரேக்குக்குப் போகும். அதுதான் கூடாது. வண்டி முதலில் வேகம் குறைந்தால் கேம்பர் அதைப் பின்னாலிருந்து முட்டும், ஊசல் இன்னும் பெருகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, லீவரை மட்டும் அழுத்த வேண்டும். கேம்பர் பின்னோக்கி இழுக்கத் தொடங்கியதும் இணைப்பு விறைத்து இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். இதற்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு நொடி. அந்த நேரத்தில் போனைத் திறந்து, செயலியைத் தேடி, சரியான பொத்தானில் விரல் வைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தாங்கியில் செயலியைத் திறந்தே வைத்திருந்தாலும் மேப் எங்கே ஓடும்? போதாக்குறைக்கு, இங்கே ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதே குற்றம்: முதல் தடவைக்கே 615 டாலரில் தொடங்கும் அபராதம், மூன்று நாள் லைசென்ஸ் முடக்கம்.

லீவரின் இரண்டாவது வேலை கெயின் அமைப்பது, அதாவது டிரெய்லர் பிரேக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் போகலாம் என்ற அளவை வைப்பது. கேம்பரில் முழுச் சுமையோடு, காய்ந்த சமதளமான காலி பார்க்கிங்கில், சில தடவை நிறுத்தி பிரேக்கைச் சூடாக்கிய பிறகு, மணிக்கு 40 கிலோமீட்டரில் லீவரை முழுதாக அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெயினைக் குறையுங்கள். வண்டி சோம்பலாக நின்றால் ஏற்றுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன் நிற்கும் அளவே சரி. மழையிலும் சரளைக் கல் பாதையிலும் அதைவிடக் குறைவாக. மிதித்த உடனேயே டிரெய்லர் பிரேக்கைக் கூடுதல் பலத்தோடு பிடிக்கவைக்கும் பூஸ்ட் அமைப்பை இது முடியும்வரை அணைத்தே வையுங்கள். கேம்பரும் வண்டியும் ஏறக்குறைய ஒரே எடை என்றால் பிறகு பூஸ்ட்டின் முதல் படியான பி1-இல் (B1) தொடங்கிப் பாருங்கள். புது பிரேக் என்றால் ஷூவும் டிரம்மும் ஒன்றோடொன்று படியாமல் முதலில் பலவீனமாகத்தான் பிடிக்கும். 65-லிருந்து 30 கிலோமீட்டருக்கு இருபது முப்பது தடவை, நடுவில் ஆறவிட்டு, மிதமாக பிரேக் போட்ட பிறகு கெயினை மறுபடி சரிபாருங்கள். இதைச் செய்யாமலே கன்ட்ரோலர் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

மூன்றாவது வேலை பழுது கண்டுபிடிப்பது. 10 அங்குலம், 12 அங்குல டிரம்களில் ஒரு மின்காந்தம் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. கெயினை முழுதாக ஏற்றி, கன்ட்ரோலரிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் நீல வயரில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒருவர் லீவரை அழுத்த, இன்னொருவர் பார்த்தால் போதும். 9 காட்டினால் ஒரு சக்கரம் செத்திருக்கிறது. பூஜ்யம் என்றால் பிளக் அல்லது எர்த். 12-ஐ வெகுவாகத் தாண்டினால் எங்கோ ஷார்ட். அநேகமாக அச்சுக் குழாய்க்குள் இடமிருந்து வலம் போகும் வயர்தான். உள்ளே அது ஆடி ஆடி இரும்பில் உரசித் தோலை இழக்கும். பி3 அதன் திரையிலேயே ஷார்ட் என்று எழுதிக் காட்டும். மாற்றும்போது புது வயரைக் குழாய்க்கு வெளியே கட்டிவிடுங்கள். கம்பியைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்புகளையும் அப்போதே வெட்டி எறிந்துவிட்டு, சாலிடர் செய்து, சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த கிளிப்புகளைத் தின்றுவிடும்.

பி3-யின் குறை பொருத்தும் வேலைதான். டோயிங் பேக்கேஜ் உள்ள பல வண்டிகளில் டாஷ்போர்டின் கீழ் ஒரு பிளக் தயாராக இருக்கும். அந்த மாடலுக்கான ஹார்னஸ் (இணைப்பு வயர்க் கட்டு) வாங்கிச் செருகினால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் நான்கு வயர்: நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு, வெள்ளை எர்த், கறுப்பு பேட்டரி பிளஸ், சிவப்பு பிரேக் லைட் ஸ்விட்சுக்கு. கறுப்பில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, இரண்டு அச்சு வரை 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர். நீலமும் கறுப்பும் 12 கேஜைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது, பின்புறம் வரை போவதால் அதைவிடத் தடிமனான 10 கேஜ் போடுவது என் வழக்கம். சிவப்பை மிதியை அழுத்தும்போது மட்டும் மின்சாரம் வரும் பக்கத்தில் இணைக்க வேண்டும். மறுபக்கம் தொட்டால், காலை எடுத்த பிறகும் மிதித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைக்கும். பெட்டியை வண்டி போகும் திசைக்கு இணையாகவும், முழங்கால் ஏர்பேக் விரியும் இடத்தைத் தவிர்த்தும் திருகுங்கள். மேல்கீழ் சாய்வை அது தானே சரிசெய்துகொள்ளும்.

இவ்வளவும் மின்காந்த டிரம் பிரேக்குக்குப் பொருந்தும். டிஸ்க் பிரேக்கை மின்சார ஹைட்ராலிக் பம்ப் இயக்கும் கேம்பர் என்றால் பம்ப் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பி3-யில் அதற்கென்று தனி அமைப்பு உண்டு, ஆனால் மேலே சொன்ன ஆம்பியர் கணக்கு அங்கே செல்லாது.

எந்தப் பெட்டியானாலும் ஊசலாட்டத்தின் வேர் முன்பாரத்தில். கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் குண்டின் மேல் விழ வேண்டும்: 5,000 பவுண்டு கேம்பருக்கு 500 முதல் 750. தண்ணீர்த் தொட்டி பின்னால் இருக்கும் மாடலில் அதை நிரப்பிக்கொண்டு, பின் பம்பரில் நான்கு சைக்கிளும் தொங்கவிட்டால் இந்தக் கணக்கு சத்தமில்லாமல் 10-க்குக் கீழே போய்விடும். சைக்கிளை வண்டிக்குள் போடுங்கள், தண்ணீரைப் பூங்காவில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேம்பர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைப்பது பிரேக்அவே ஸ்விட்ச். கிளம்பும் முன் அதன் பின்னை இழுத்து, சக்கரம் பிடிக்கிறதா என்று மெல்ல நகர்த்திப் பாருங்கள். அதற்கு முன் 7-பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கேம்பர் பேட்டரியின் மின்சாரம் நீல வயர் வழியாகத் திரும்பி வந்து கன்ட்ரோலரையே கெடுக்கலாம். பின்னின் கேபிளைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல் ஹிட்ச் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். சங்கிலிகள் இரண்டும் இணைப்புக்குக் கீழே குறுக்காகப் போகட்டும்.