ஆடும் பல்லைக் காப்பாற்றுவதா, பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் போடுவதா?

மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கமெல்லாம் பல் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. ஈறு வீங்கி, பல் ஆடுகிறது என்று போகிறவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஈறுக்கு வைத்தியம் பார்த்து இருக்கிற பல்லைக் காப்பாற்றலாம். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு, எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கிப் புதுப் பல் கட்டலாம்; இதுதான் இம்ப்ளாண்ட். "பல்லே போனப்புறம் ஈறு நோய் எங்கிருந்து வரும்?" என்று சொல்லி இரண்டாவது பக்கம் சாய்கிறவர்கள் நிறையப் பேர்.

வரும். ஈறு நோயில் பேர்போன கிருமிகள் மூன்று: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபோனீமா டென்டிகோலா. 1998-இல் அமெரிக்கப் பல் ஆய்வாளர் சோக்ரான்ஸ்கியின் குழுவினர் இவற்றைச் 'சிவப்புக் கூட்டம்' என்று வகைப்படுத்தினார்கள். ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் பள்ளங்கள்தான் ஈறுப் பைகள்; காற்றுப் படாத ஆழமான ஈறுப் பைகளில் வளர்பவை இவை. பல்லை எடுத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் நாக்கிலும் தொண்டைச் சதையிலும் தங்கியிருக்கும். பக்கத்துப் பல்லில் சீழ்ப் பை இருந்தால் அங்கிருந்தே புது இம்ப்ளாண்டுக்குக் குடியேறும். சீழ் பிடித்த இம்ப்ளாண்டைச் சுற்றிப் பெரும்பாலும் இதே கூட்டம்தான். டைட்டானியத்தில் எளிதாக ஒட்டும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சில சமயம் கூடச் சேர்கிறது.

கிருமி ஒன்றேதான் என்றாலும், அதைத் தாங்கும் பலம் இரண்டுக்கும் ஒன்றல்ல. சொந்தப் பல்லின் வேரில் நார்கள் குறுக்காகப் புதைந்து, ஈறை இறுகப் பிடித்திருக்கின்றன. இம்ப்ளாண்டில் நார்கள் பக்கவாட்டில் சும்மா ஒட்டி ஓடுகின்றன; உள்ளே புதைவதில்லை. பல்லைச் சுற்றியுள்ள சவ்வு வழியாக வரும் ரத்த ஓட்டமும் அங்கே கிடையாது. அதனால் கிருமி ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் எலும்பு வேகமாகக் கரைகிறது, பல சமயம் வலியே தெரியாமல். சுத்தம் செய்வதும் சிரமம். வேரைச் சுரண்டி வழவழப்பாக்கிவிடலாம்; எலும்பு பிடிக்க வேண்டும் என்பதற்காகவே சொரசொரப்பாகச் செய்த திருகின் புரிகளுக்குள் படிந்த கிருமிப் படலத்தை எடுப்பது பெரும்பாடு. ஈறு மட்டும் சிவந்து ரத்தம் கசிகிற கட்டத்தில் பிடித்தால் இம்ப்ளாண்டும் தேறும். எலும்பு கரைந்த பிறகு கஷ்டம்.

ஆகவே காப்பாற்ற முடிகிற பல்லைக் காப்பாற்றுவதுதான் என் கட்சி. பல்லில் கல் போல் இறுகிப் படிந்த அழுக்குக்குக் காரை என்று பெயர். "காரையை எடுத்தால் பல் ஆடும்" என்ற பயம் ஊர்ப் பக்கம் இன்னும் போகவில்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஈறு இறுகும்போது பெரும்பாலும் ஆட்டமும் குறைகிறது. மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கிப் போட்டால் வீக்கம் வடியும், கிருமிப் படலம் அப்படியே இருக்கும்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். அதோடு புகையிலையைச் சேர்த்துக் கன்னத்தில் அடக்குகிறவர்களை நினைத்தால்தான் கவலை. வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஒருபுறம். புகையிலை வைக்கும் இடத்தில் ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரியும். பீடி, சிகரெட்டில் இன்னொரு ஏமாற்று: ஈறில் ரத்தக் கசிவு குறைந்து, நோய் இருப்பதே தெரியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இரண்டு வழியிலுமே ஆபத்து கூடுதல்.

சரி, எப்போது இம்ப்ளாண்ட்? பல் மேலும் கீழும் அமுங்கி ஆடுகிறது, எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி எலும்பே மிச்சமில்லை என்றால் பிடித்து வைப்பதில் அர்த்தமில்லை. அப்போதும் மற்றப் பற்களின் ஈறு நோயை அடக்கிவிட்டுத்தான் திருகு இறக்க வேண்டும். இரு பக்கத்துப் பற்களையும் தூணாக்கிப் பாலம் போல் பல் கட்டும் பிரிட்ஜ் கட்டலாமா என்றால், இரண்டு பக்கத்துப் பற்களும் பலமாக இருந்தால் கட்டலாம். பல பற்கள் ஆடுகிற வாயில் அதற்கு வாய்ப்பு குறைவு.

இம்ப்ளாண்ட் போட்டுக்கொள்கிறவர்கள், பல் மாட்டிய கையோடு எக்ஸ்ரே ஒன்று எடுத்து, சுற்றிலும் ஈறுப் பையின் ஆழத்தை மில்லிமீட்டரில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பின்னால் ரத்தம் கசிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்குதான் வேண்டும். திருகையும் பக்கத்துப் பல்லையும் ஒட்டிய இடுக்குக்குள் நுழைகிற சின்ன பிரஷ் எந்த அளவு என்பதையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.