ஈட்டிக்காரன் கேட்டேன், வந்தது வேறு படை: 8,400 ரேண்ட் போச்சு

நேற்றுக் காலை பெட்டி வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டர்பன் பக்கம் மேசைப் போர், அதாவது பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பழைய போர்களை ஆடும் விளையாட்டு, விளையாடும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஆடுவது முப்பதாண்டுப் போர், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்தது. 1632இல் ஜெர்மனியின் லூட்சென் களத்தில் நின்ற சுவீடன் படை, 28 மி.மீ. உலோகப் பொம்மைகள், வண்ணம் பூசியது, மொத்தமாக 8,400 ரேண்ட் என்று பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம். ஜோஹன்னஸ்பர்க் ஆள்.

போனை எடுத்ததும் "வணக்கம் அண்ணா" என்றான். இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நம் பிள்ளைகளே ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஒருவன் தமிழில் பேசினால் மனசு இளகாதா? லூட்சென் சண்டையன்று காலைப் பனிமூட்டத்தால் சண்டை தாமதமானது, சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் குதிரைப் படையோடு போய், புகையிலும் பனியிலும் தன் ஆட்களைப் பிரிந்து எதிரிகளிடம் சிக்கி இறந்தது, எல்லாம் அவனே சொன்னான். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவனா ஏமாற்றுவான்? மூன்றே படம் பார்த்துவிட்டு அன்றிரவே 8,400 ரேண்டையும் அனுப்பினேன்.

பெட்டிக்குள் வண்ணமே படாத சாம்பல் நிறப் பிளாஸ்டிக். அகன்ற விளிம்புத் தொப்பிக்குப் பதில் நெப்போலியன் காலத்துக் குழாய்த் தொப்பி. துப்பாக்கி முனையில் பயனெட், அதாவது செருகுகத்தி! லூட்சென் சண்டை படைகளில் பயனெட் பரவாத காலம் என்பதால்தானே, குதிரைகள் பாய்ந்தால் துப்பாக்கிக்காரனைக் காக்க 5 மீட்டர் ஈட்டியோடு ஆட்கள் நின்றார்கள்? இதில் ஓர் ஈட்டிகூட இல்லை. "எல்லாம் பொம்மைதானே" என்கிறாள் மனைவி. விலையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

விற்றவனைக் கேட்டால், "கூரியர்காரன் மாத்திட்டான் அண்ணா, திங்கக்கிழமை பாக்கிறேன்." மதியத்துக்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டான். தளத்துக்கு எழுதினேன்: விளம்பரத்துக்கு இடம் தருவது மட்டும்தான் அவர்கள் வேலையாம். வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம்" என்று கைவிரித்து, போலீஸ் புகார் எண் கேட்டார்கள். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் "எத்தனை பொம்மை?" என்று கேட்டுச் சிரித்தார். 8,400 ரேண்ட் ஐயா, அதைச் சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். அன்றைய தேதி எழுதிய தாளைப் பொம்மைகளின் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். தமிழில் பேசினால் இன்னும் ஒரு படம் கூடுதலாகக் கேளுங்கள்.

அதே மூன்று படங்களோடு அந்த விளம்பரம் இப்போதும் இருக்கிறது. விலை மட்டும் 7,900 ஆகியிருக்கிறது.